குளவிக்கூட்டைப் பற்றி நான் பேசியது

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரி ஜோக்குகளுக்கு மட்டும் என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன். அதனால் ஜோக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டயபுரத்தில் பட்டிமன்றம். குடும்ப நிம்மதிக்குக் காரணம் மாமியார் வாயை மூடுவதா, மருமகள் காதை மூடுவதா என்று தலைப்பு. எனக்குக் கிடைத்தது மருமகள் கட்சி. வயது ஐம்பத்தொன்று, தலையில் பாதி டை, நான் மருமகளாம். எதிர்க்கட்சியில் பேராசிரியை மோகனாம்பாள், என்னைவிட நான்கு வயது இளையவள், மாமியார். அவள் கட்டியிருந்தது போன மாதம் சிவகாசியில் கட்டிய அதே புடவை. நான் யாரிடமும் சொல்லவில்லை, நடுவரிடமும் தபேலாக்காரரிடமும் தவிர.

மேடையேறும் முன் மைக்செட் ஜேசுராஜ் காதில் மாட்டும் மைக்கைக் கொடுத்தார். நான் மாட்டிக்கொண்டு ஒயரைப் பின்பக்கம் விட்டேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அக்கா, ஒயரு கழுத்துல ஏதோ மேட்டு மேல நிக்குதே. வீக்கமா இருக்கா?"

"அது என் தமிழ்ப்பற்று, ஜேசு. அங்கதான் தங்கியிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது வேனில் கை தானாக அங்கே போனது. இடப்பக்கம், எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்குகிறது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. விடாமல் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து நடுவர் ஞானப்பிரகாசம் ஐயா, "என்னம்மா செண்பகவல்லி, சங்கிலி விழுந்துருச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேனை நிறுத்தி, ஐந்து பேச்சாளர்களும் டார்ச் அடித்து இருக்கைக்கு அடியில் தேடினார்கள். ஐயாவுக்கு எழுபது வயது. குப்புறப் படுத்துத் தேடினார். சங்கிலி என் கைப்பையில் இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

தொட்டுப் பார்க்கவே இல்லை. நான்கு தடவை தவிர.

ஜனவரி 8, வியாழன்

போஸ்ட் ஆபீசில் அரைநாள் லீவு போட்டு டாக்டர் ஹெலனிடம் போனேன். அவர் கழுத்தைப் பிடித்துப் பார்த்து, விழுங்கச் சொல்லி, ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ஸ்கேன் பார்த்தபின் பேனாவை மூடிவைத்தார். டாக்டர்கள் பேனாவை மூடிவைத்தால் எனக்குப் பிடிப்பதில்லை.

"தைராய்டுல ஒரு கட்டி இருக்குங்க. முக்கால்வாசி இதுல ஒண்ணும் இருக்காது. ஆனா ஓரம் கொஞ்சம் சரியில்லாம தெரியுது. மெல்லிய ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்திரணும். மதுரைக்கு எழுதித் தர்றேன்."

"ஊசியா" என்றேன்.

"சின்ன ஊசிதான்."

"பொங்கல் முடியட்டுமே டாக்டர். பதினோரு நிகழ்ச்சி ஒத்துக்கிட்டிருக்கேன்."

"பொங்கல் முடிஞ்ச மறுநாள்" என்றார். சரி என்று தலையாட்டினேன். மேடையில் எதிர்க்கட்சிக்காரர் பேசும்போது ஆட்டுவேனே, அந்த ஆட்டல்.

வீட்டில் இவர் கேட்டார், "என்ன சொன்னாக?" மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். வார்த்தைக்கும் யூனிட் கணக்கு உண்டு என்பதுபோலப் பேசுகிற மனிதர்.

"தண்ணி நெறையக் குடிக்கணுமாம்" என்றேன்.

ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். குடித்தேன். அது காலியானதும் இன்னொன்று வந்தது. இப்போது ஐந்தாவது சொம்பு.

ஜனவரி 9, வெள்ளி

ஜோக் எதுவும் வரவில்லை. வேறு ஒன்றை எழுதிவிடுகிறேன், எழுதினால் சின்னதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பயம் கட்டியைப் பற்றி இல்லை. ஊசியைப் பற்றியும் இல்லை, பிள்ளை பெற்றவள்தானே. குத்தினால் பரவிவிடும் என்று பயம்.

இதை எனக்குச் சொன்னது யார் என்றால், நான்தான்.

இரண்டு வருடம் முன்பு ராஜபாளையத்தில் பட்டிமன்றம். நோய் தீர்ப்பது சமையலறையா, மருத்துவமனையா. எந்தக் கட்சி என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஐயா போனில் "நீ சமையலறை, மோகனா மருத்துவமனை" என்பார், அவ்வளவுதான். மறுவாரமே வேறு ஊரில் மாற்றிப் போடுவார், மாற்றிப் பேசுவோம். வேனில் சாத்தூரைத் தாண்டும்போது குறிப்பெழுதி வைத்திருந்ததை ஐயாவிடம் காட்டினேன். அவர் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே, "இவ்வளவு அறிவியல் வேணாம்மா, சனம் கொட்டாவி விட்டுரும். ஒரு உவமை போடு" என்றார். வெளியே பார்த்தேன். ஒரு டீக்கடைப் பலகை மேல் குளவி கட்டியிருந்தது.

மேடையில் இப்படிப் பேசினேன்: "நம்ம வீட்டு வாசக்கதவுக்கு மேல குளவி கூடு கட்டியிருக்கு. அது பாட்டுக்கு அது இருக்கு, நாம பாட்டுக்குப் போறோம் வர்றோம். உள்ள எத்தனை குளவி இருக்குன்னு எந்தப் புண்ணியவானாவது ஊசியை விட்டுக் குத்திப் பாப்பானா? டாக்டரு பாப்பாருங்க. நம்ம ஒடம்புல ஒரு கட்டி சிவனேன்னு இருக்கும். இவரு குத்துவாரு. அப்புறம் ஒடம்பெல்லாம் குளவி. குத்துனவரு மாடியில ஏசி ரூம்ல இருப்பாரு, கொட்டு வாங்குறது நாம."

கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆனது. மோகனாம்பாள்கூடச் சிரித்தாள்.

நான் கண்டுபிடித்தது. எங்கே, எப்போது, ஐயா என்ன தின்றுகொண்டிருந்தபோது என்பது வரை தெரியும். தெரிந்தும் கழுத்துக்குள் குளவிகள் அசைவதுபோல இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

மத்தியானம் ஆபீசில் கூட்டம் இல்லாதபோது அந்த வீடியோவைப் பார்த்தேன். 'சிரிப்புச் சந்தை' என்று ஒரு யூடியூப் சேனல் போட்டது. பதினோரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே ஒருவர், "அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு, என் சித்தப்பா இப்படித்தான் குத்தி ஆறு மாதத்தில் போனார்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நாலாயிரம் லைக். அந்தச் சித்தப்பாவுக்குக் குத்துவதற்கு முன் எத்தனை மாதம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அருப்புக்கோட்டையில் நான் மருத்துவமனைக் கட்சியில் பேசியதும் இருக்கிறது. அதில் ஊசிப் பரிசோதனையால் நோய் பரவாது, சீக்கிரம் பார்த்தால் பிழைக்கலாம் என்று ஒரு டாக்டரைக் கேட்டு, குறித்துவைத்து, ஒழுங்காகப் பேசியிருக்கிறேன். உவமை இல்லை. இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஏழெட்டு தடவை நான்தான்.

ஜனவரி 16, வெள்ளி

இரண்டு நாளில் நான்கு மேடை. தையற்காரர் சுப்பையாவிடம் கழுத்து மூடிய ஜாக்கெட் மூன்று தைத்து வாங்கினேன். மோகனாம்பாள், "என்னடி, புது ஃபேஷனா? கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்க" என்றாள். அடுத்த நிகழ்ச்சிக்கு அவளும் கழுத்து மூடித்தான் வருவாள், பாருங்கள்.

பொங்கல் முடிந்த மறுநாள் இன்று.

ஜனவரி 20, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எங்கள் போஸ்ட் ஆபீசில் ஆதார் திருத்தமும் நான்தான் பார்க்கிறேன். பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது இருக்கும். ஒல்லி, மஞ்சள் பூசிய முகம், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். போன் நம்பர் மாற்ற வேண்டும். கைரேகை பதியவில்லை. தீக்குச்சி மருந்துச் சூட்டிலும் பெட்டி ஒட்டும் பசையிலும் அவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். ஈரத்துணியால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தோம். ஏழாவது தடவை அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க குளவி அக்காதான?"

எனக்கு நகைச்சுவைத் தேனருவி என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். சனம் வைத்த பெயர் இது.

"ஆமாம்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கவுன்டர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்களத்தான் கும்பிடணும்னு இருந்தேன்க்கா. எனக்கு மார்ல ஒரு கட்டி. போன ஜூன்ல பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்னாக. பொழுது விடிஞ்சா போகணும். அன்னைக்குத்தான் எம் மக போன்ல உங்க பேச்சக் காட்டுனா. நான் போகல. ஏழு மாசமாச்சு, தொடாம வச்சிருக்கேன். நல்லாருக்கேன் பாருங்க."

"வலிக்குதா?" என்றேன்.

"வலியே இல்ல. கொஞ்சம் பெருத்திருக்கு. அது பாட்டுக்கு அது இருக்கு."

என் வாக்கியத்தை என்னிடமே சொன்னாள்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இதைப் படிக்கிற யாருக்கும் தெரியும். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். "எட்டாவது தடவை வைம்மா" என்றேன். ரேகை பதிந்துவிட்டது. ரசீதைக் கொடுத்தேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பெயர் பேச்சித்தாய். முகவரி கம்ப்யூட்டரில் இருந்தது. சட்டப்படி குறித்துவைக்கக் கூடாது. குறித்துவைத்தேன்.

ஜனவரி 21, புதன்

'சிரிப்புச் சந்தை' கணேசமூர்த்திக்குப் போன் செய்தேன். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? நம்ம சேனலோட கோபுரமே அதுதான். பொங்கலுக்குத்தான் வெட்டி, சின்னதா, மியூசிக் போட்டு மறுபடி விட்டிருக்கேன். அள்ளுது."

"அது தப்பு, கணேசா."

"பட்டிமன்றத்துல ஏதுக்கா தப்பு? ரெண்டு பக்கமும் நீங்கதான் பேசுறீங்க."

நியாயமாகத்தான் பேசுகிறான். அதனால்தான் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். கடலைமிட்டாய்ப் பொட்டலமும் கையுமாக. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒற்றை அறை வீடு. புருஷன் திருப்பூரில். பன்னிரண்டாவது படிக்கிற மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நல்லவேளை.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பேச்சி, அது நான் மேடைக்காகச் சொன்னதும்மா. உண்மை இல்ல. ஊசி போட்டாப் பரவாது. நீ போயி எடுத்துப் பாத்திரு."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "டாக்டருமாரு மெரட்டுனாகளாக்கா?"

"யாரும் மெரட்டல."

"பெறகு ஏன் மாத்திப் பேசுதீக?"

உண்மையைச் சொன்னால் நம்பவில்லை, என்ன செய்ய? தொழிலை எடுத்தேன். "இங்க பாரு. அரிசிக் கடையில மூட்டைக்குள்ள ஒரு குத்தூசிய விட்டு நாலு மணி எடுத்துப் பாக்குறாக. மூட்டை என்ன கெட்டாபோகுது?"

"குத்துன ஓட்டை வழியா ஒழுகுமேக்கா. நான் மண்டிக்கு வேலைக்குப் போயிருக்கேன். காலையில பெருக்கி அள்ளுனா ரெண்டு படி தேறும்."

நல்ல பதில். நான் எதிர்க்கட்சியில் இருந்தால் கைதட்டியிருப்பேன்.

"சரி, எங்க வீட்டுக்காரரு டெஸ்டர வச்சு ஒயர்ல கரண்ட் இருக்கான்னு பாப்பாரு. டெஸ்டர் வச்சதால கரண்ட் வந்துருமா?"

"வராது. ஆனா டெஸ்டர் வைக்கப்போயி ஷாக்கடிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தவுகளும் உண்டு. உங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

கேட்க வேண்டியதில்லை. இவர் இரண்டு தடவை கிடந்திருக்கிறார்.

மூன்றாவதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், என் ஜாக்கெட் கழுத்தை ஒரு விரலால் இறக்கினாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகளை எண்ணாமலே எண்ணுகிற விரல்.

"இது எத்தன நாளா?"

ஜாக்கெட்டை மேலே இழுத்துவிட்டேன்.

"ஊசி போட்டாச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்பொ நீங்களும் தொடாமத்தான வச்சிருக்கீக" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. துணை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை வந்தபிறகுதான் பார்த்தேன், காலில் இருந்தது அவள் மகளுடைய செருப்பு.

ஜனவரி 25, ஞாயிறு

பெரிதாகிவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தின விழா, விளாத்திகுளம். மேடையேறியதுமே முன்வரிசையிலிருந்து "குளவி சொல்லுங்கக்கா, குளவி" என்று சத்தம். ஐயா சைகை காட்டினார், சொல்லு என்று.

இதுதான் சமயம் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. கட்டி இருந்தா ஊசி போட்டுப் பாத்திருங்க. நான் சொன்னதக் கேட்டு ஒரு பொண்ணு ஏழு மாசமா ஆஸ்பத்திரி போகாம இருக்கு."

சிரித்தார்கள்.

நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டால் சிரிப்பு வரும் என்று இருபத்தெட்டு வருடமாகப் பழக்கியிருக்கிறேன். "நெசமாத்தாங்க சொல்றேன்" என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். "எனக்கே கழுத்துல கட்டி இருக்கு" என்றேன். ஒரு பெரியவர் சிரிப்புத் தாளாமல் துண்டால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "என்னமா நடிக்கா பாரு" என்றார். மிச்ச ஒன்பது நிமிடத்துக்கு மாமியார் ஜோக் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மோகனாம்பாள் சிரிக்கவில்லை. வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்து மூடிய ஜாக்கெட். கோவில்பட்டி வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இவளைப் பற்றி இந்த டைரியில் எழுதியதையெல்லாம் அடித்துவிட வேண்டும். நிறைய இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் இவர் சைக்கிள் கிளிப் மாட்டிக்கொண்டே சொன்னார். "நான் லீவு சொல்லி வச்சிருக்கேன். எந்தக் கிழமைன்னு மட்டும் சொல்லு."

"எதுக்கு லீவு?"

"மதுரைக்கு."

ஸ்கேன் சீட்டு பீரோவில் இவருடைய வேட்டிகளுக்கு அடியில்தான் இருந்தது. வேட்டி எடுக்கிற மனிதர் பார்க்காமல் இருப்பாரா? இருபத்தைந்து நாளாகத் தெரிந்திருக்கிறது. இருபத்தைந்து நாளாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார். அதற்குமேல் யூனிட் ஓடவில்லை.

பிப்ரவரி 4, புதன்

செருப்பைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பேச்சித்தாயிடம் போனேன். இந்தத் தடவை அரிசி இல்லை, ஒயர் இல்லை.

"நான் வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போயி ஊசி போட்டுக்கப் போறேன், பேச்சி. நீ போட்டுக்க வேண்டாம். கூட வந்து பாரு."

"வேண்டாம்க்கா." நிஜமாகவே பதறினாள். "நல்லாருக்கிறதக் கெடுத்துக்காதீக."

"கெட்டுப்போனா நீ பாத்துக்கிட்டே இருப்பல்ல. அப்ப நீ போட்டுக்காத."

அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "தனியாவா போவீக, நானும் வாரேன்" என்றாள்.

இவர் வருகிறார் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் வராமல் போய்விடுவாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி, நீளமான வராந்தா, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர். எனக்கும் பேச்சித்தாய்க்கும் நடுவில் இவர், மடியில் மூன்று தண்ணீர்ப் பாட்டில்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு நடுத்தர வயது ஆள் போன் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கைதட்டல் கேட்டது, பிறகு என் குரல். பின்னால் ஏதோ டொய்ங் டொய்ங் என்று மியூசிக். "ஊசியை விட்டுக் குத்திப் பாப்பானா?" அவர் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா கையில் என்னுடையதைப் போலவே ஒரு மஞ்சள் சீட்டு. அதைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம், குனிந்துகொண்டேன். இவர்தான் எழுந்து போனார். வாழ்நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடம் இவர் பேசி நான் பார்த்ததில்லை.

"அந்தப் போன்ல பேசுறது எம் பொஞ்சாதி. அந்தா உக்காந்திருக்கா. ஊசி போட்டுக்கத்தான் வந்திருக்கா" என்றார்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். நிறுத்தினார். வராந்தாவில் யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே ஒரு சின்ன வயது லேடி டாக்டர். பேச்சித்தாயைக் கூட அழைத்துப்போகக் கெஞ்சினேன், ஒத்துக்கொண்டார். படுக்கவைத்து, தோளுக்கு அடியில் தலையணை வைத்து, "விழுங்காதீங்க, பேசாதீங்க" என்றார். பேசாதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஏதோ குளிர்ச்சியாகத் துடைத்தார். குத்தினார். முன்னும் பின்னும் ஆட்டினார். எடுத்தார். மறுபடி ஒரு தடவை. பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்கோங்க" என்றார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

பேச்சித்தாய் என் முகத்துக்கு மேல் குனிந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "எது மாதிரிக்கா இருந்துச்சு?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

"ஊசி குத்துச்சு. வலிச்சுச்சு. எடுத்துட்டாக."

"பெறகு?"

"பெறகு ஒண்ணுமில்ல."

என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி, இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த பழைய சீட்டை எடுத்தாள். போன ஜூன் மாதச் சீட்டு. கொண்டுவந்திருக்கிறாள். வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

டாக்டர் அதை விரித்துப் படித்தார். தேதியை இரண்டு தடவை பார்த்தார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 7, சனி

நேற்றே அவளுக்கும் ஸ்கேன் எடுத்து, கொஞ்சம் தடித்த ஊசியால் சதை எடுத்தார்கள். என் கையைப் பிடித்திருந்தாள். இன்று மணிக்கட்டில் நான்கு நகக்குறி இருக்கிறது. இவர் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

ஒரு வாரத்தில் முடிவு.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஜோக்: ஒரு பேச்சாளர்

பிப்ரவரி 13, வெள்ளி

மறுபடி மதுரை. நானும் அவளும் மட்டும்.

இருவரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம். டாக்டர் அவளிடம் முதலில் பேசினார். அந்த வார்த்தையைச் சொன்னார். போர் என்றோ எதிரி என்றோ எதுவும் சொல்லவில்லை, நோயின் பெயரைச் சொன்னார். பழைய சீட்டையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜூனில் ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர். இப்போது நான்கு புள்ளி மூன்று. அக்குளில் இரண்டு கட்டி.

"ஊசி போட்டதாலயா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"இல்லம்மா. இந்த ஸ்கேன் ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுத்தது. அப்பவே இவ்வளவு இருந்துச்சு. நாள் ஆனதால."

நாள் ஆனதால். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியாயிருமா?"

"முதல்ல மருந்து ஏத்தணும். எட்டுத் தடவை, மூணு வாரத்துக்கு ஒண்ணு. அப்புறம் ஆபரேஷன். நல்லாக வாய்ப்பு இருக்கு. ஜூன்ல வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இப்பவும் விட்டுறக் கூடாது."

பிறகு என் சீட்டை எடுத்தார். சாதாரணக் கட்டி. பயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும். இதைச் சொல்லும்போது பேச்சித்தாய் இல்லை, அவளை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "உங்களுது?"

"இன்னும் வரல" என்றேன்.

பிப்ரவரி 14, சனி

வீட்டில் எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும் இவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கொஞ்சநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நல்ல செய்தியைத் திருடிக்கொண்டு வந்ததுபோல இருக்கிறது.

பிப்ரவரி 18, புதன்

மத்தியானம் பேச்சித்தாய் போஸ்ட் ஆபீசுக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் கவுன்டருக்கு வந்தாள்.

"உங்க சீட்ட நான் அன்னைக்கே பாத்துட்டேன்க்கா. ரத்தம் எடுக்குற எடத்துல நர்ஸு ரெண்டு பேரு பைலையும் பெறகு கொண்டாந்து என் கையிலதான் குடுத்தாக. நான் பத்தாவது படிச்சவ."

கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் கீழே வைத்தேன்.

"நாலு நாளா உங்களத் திட்டிக்கிட்டே பெட்டி ஒட்டுனேன். இவளுக்கு ஒண்ணுமில்ல, எனக்கு மட்டுமான்னு. நீங்க செத்துப் போகணும்னுகூட நெனச்சேன். அத நேர்ல சொல்லிரணும்னு வந்தேன்."

"சொல்லு" என்றேன். "இன்னும் சொல்லு."

"வேற இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எம் மககிட்ட இன்னும் சொல்லல. பரீச்சை முடியட்டும். நாளைக்கு மொத ஊசி. ஆறரை பஸ்ஸு. எனக்கு சன்னலோரம் வேணும், வாந்தி வந்தாலும் வரும். வாரீகளா, மாட்டீகளா?"

"வாரேன்."

"பொய் சொல்லாம வாங்க" என்றாள். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுப் போனாள்.

லீவு விண்ணப்பம் எழுதினேன். பிப்ரவரி 19, மார்ச் 12, ஏப்ரல் 2, ஏப்ரல் 23, மே 14, ஜூன் 4, ஜூன் 25, ஜூலை 16. எட்டு வியாழக்கிழமை. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"எட்டும் இப்பவே எதுக்கு மேடம்? அப்பப்ப குடுங்களேன். நடுவுல ஒருவேளை தேவைப்படாமப் போச்சுன்னா..."

நல்ல மனுஷர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாதியில் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

"எட்டும் வேணும் சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஐயாவுக்குப் போன் செய்து அந்தத் தேதிகளில் மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு இந்த டைரியில் அந்த எட்டுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினேன்: பேச்சித்தாய், ஆறரை பஸ், சன்னலோரம். பேனாவை அழுத்திப் பிடித்துத்தான் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் எழுதியது ஜூலை 19 வரைக்கும் பதிந்திருக்கிறது.